ஆலயத்துக்கு இணையத்தளம்: பணம் கட்டும் முன் பெயர் யார் கையில் என்று பாருங்கள்

வாசகர் கேட்டது

பேராக், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து, பணி ஓய்வு பெற்ற பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். தோட்டத்து மாரியம்மன் ஆலய நிர்வாகக் குழுவின் செயலாளர். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பங்கள் இன்று கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று பிரிந்து போய்விட்டன. தோட்டத்து லய வீடுகளில் வாழ்ந்த காலத்துப் படங்கள், தீமிதிக் காணொளிகள், பழைய திருவிழா மலர், ஆண்டுக் கணக்கு எல்லாவற்றையும் அவர்கள் இருந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. கையில் ஏறக்குறைய 2,000 படங்களும் 10 நீளமான காணொளிகளும் இருக்கின்றன.

தெலுக் இந்தானில் கணினிக் கடை வைத்திருக்கும் இளைஞர், "எல்லாம் சேர்த்து முதல் ஆண்டு 1,800 ரிங்கிட், பிறகு ஆண்டுக்கு 600. டொமைன் இலவசம், இடம் அன்லிமிட்டெட்" என்கிறார். ஆலயத் தலைவரோ, "கூகுள் டிரைவ் சும்மா கிடைக்கும்போது எதற்கு வீண் செலவு? லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் முடிந்தது" என்கிறார். டிரைவில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. லிங்க் கையில் உள்ள யாரும் அதைத் திருத்தலாம். போன மாதம் ஓர் ஆண்டின் திருவிழாப் படங்கள் முழுவதும் அதிலிருந்து காணாமல் போயின. அதே ஃபோல்டரில் உபயதாரர்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண், கொடுத்த தொகை எல்லாம் அடங்கிய பட்டியலும் கிடக்கிறது. "லிங்க் எங்கள் ஆள்களிடம் மட்டும்தானே இருக்கிறது, வெளியார் எப்படிப் பார்ப்பார்கள்?" என்று ஆசிரியை கேட்கிறார். அவருடைய அக்காள் மகன் பக்திப் பாடல் குறுந்தட்டுகளைத் தளத்தில் ஏற்றி எல்லாரும் பதிவிறக்கிக்கொள்ள விடலாம் என்கிறார். இன்னொருவர், "தளத்தை உங்கள் பெயரில் பதியாதீர்கள், ஏதாவது நடந்தால் உங்கள் தலையில்தான் விடியும்" என்று பயமுறுத்தியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரி,

தலைவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அந்தக் கணினிக் கடைத் தம்பி சொல்வதிலும் இருக்கிறது. ஒருவர் கோப்பு வைக்கும் இடத்தைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் ஊருக்குக் காட்டும் முகப்பைப் பற்றிப் பேசுகிறார். இரண்டையும் ஒரே சாமானாக எடுத்துக்கொண்டு விலை பேசுவதால்தான் உங்கள் கூட்டத்தில் முடிவு வரவில்லை.

இணையத்தளம் என்று நாம் சொல்வது மூன்று தனித்தனிப் பொருள்கள். ஒன்று டொமைன், அதாவது மக்கள் தட்டச்சு செய்யும் பெயர். இன்னொன்று ஹோஸ்டிங், அதாவது இருபத்து நான்கு மணி நேரமும் இணைப்பில் இருக்கும் ஒரு சர்வரில் உங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் இடம். மூன்றாவது அந்த இடத்தில் நீங்கள் வைக்கும் கோப்புகள். வீட்டு எண் பலகை, வாடகை வீடு, வீட்டுச் சாமான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினாலும் பலகையைக் கழற்றிக்கொண்டு போகலாம், பலகை உங்களுடையதாக இருந்தால்.

பெயரையும் சர்வரையும் இணைப்பது டிஎன்எஸ் என்ற பதிவேடு. இந்தப் பெயரைக் கேட்டால் இந்தச் சர்வருக்குப் போ என்று அதில் எழுதியிருக்கும். நாளைக்கு ஹோஸ்டிங் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் கோப்புகளைப் புது இடத்துக்கு நகல் எடுத்து, பதிவேட்டில் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்றம் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும், சில சமயம் 48 மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை சிலருக்குப் பழைய தளமும் சிலருக்குப் புதிய தளமும் தெரியும். யாரும் எதையும் உடைத்துவிடவில்லை, பயப்பட வேண்டாம். பழைய இடத்தை மட்டும் அவசரப்பட்டு மூடிவிடக் கூடாது.

ஆக, ஹோஸ்டிங்கை மாற்றலாம். கோப்புகளை மீண்டும் ஏற்றலாம். கை நழுவினால் திரும்பப் பெறக் கடினமானது பெயர் ஒன்றுதான். "டொமைன் இலவசம்" என்று தம்பி சொன்ன இடத்தில்தான் நீங்கள் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

டொமைன்: இலவசம் என்றால் யார் பெயரில்?

இலவசமாகத் தரும் டொமைனைக் கடைக்காரர் பெரும்பாலும் தன் கணக்கில், தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிடுவார். ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை. அவருக்கு அதுதான் சுலபம். ஆனால் ஐந்து ஆண்டு கழித்து அவர் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போனால், புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும், உங்களுக்கு வராது. டாட் காம், டாட் ஓஆர்ஜி போன்ற பெயர்கள் காலாவதியான பிறகு முதலில் சில வாரம் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள். இந்தச் சலுகைக் காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அடுத்து 30 நாள் மீட்புக் காலம், அதில் அபராதத்தோடு பெரிய தொகை கேட்பார்கள். அதுவும் கடந்தால் 5 நாளில் பெயர் அழிக்கப்பட்டு யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். இப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே பலர் வந்து பழகிய முகவரி என்பதால் சூதாட்டத் தளங்கள் அவற்றை விரும்பி வாங்குகின்றன. ஆலயத்து அறிவிப்புப் பலகையில் அச்சிட்ட முகவரி அங்கே கொண்டுபோய் விட்டால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலேசியாவின் டாட் எம்ஒய் பெயர்களை மைநிக் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அதன் மறுவிற்பனையாளர்களிடம் வாங்கலாம். உங்கள் ஆலயம் சங்கப் பதிவிலாகாவில் பதிவு பெற்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பதிவுச் சான்றைக் காட்டி டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய் என்று முடியும் பெயரை ஆலயத்தின் பெயரிலேயே வாங்குங்கள். கண்டவர் வாங்க முடியாத வகைப் பெயர் என்பதால் நன்கொடை தருபவருக்கும் நம்பிக்கை வரும். எதில் முடியும் பெயராக இருந்தாலும் அதற்கான செலவு பொதுவாக ஆண்டுக்கு 50 முதல் 120 ரிங்கிட்டுக்குள்தான் இருக்கும். 1,800 ரிங்கிட் சேவையில் அதை இலவசம் என்று பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

பதியும்போது மூன்று இடத்தைக் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் ஆலயத்தின் பதிவுப் பெயர் இருக்க வேண்டும், கடையின் பெயர் அல்ல. தொடர்பு மின்னஞ்சல் ஆலயத்துக்கென்று தொடங்கிய முகவரியாக இருக்க வேண்டும். உள்நுழையும் பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்க வேண்டும். தம்பி வேலை செய்யட்டும், அதற்குக் கூலியும் வாங்கட்டும். பெயர் மட்டும் ஆலயத்துடையது. இதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் மற்ற எதையும் பேச வேண்டாம்.

அந்த மின்னஞ்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனி கூகுள் கணக்கு தொடங்கி, இரு படிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு கைப்பேசி வழியாகவும் உறுதிசெய்யக் கேட்பது) இயக்கி, அதற்குச் செயலாளர், பொருளாளர் இருவருடைய எண்களையும் கொடுங்கள். கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளை அச்சிட்டுக் கூட்டக் குறிப்பேட்டோடு வையுங்கள். நிர்வாகம் மாறும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வங்கிக் கையெழுத்தை மாற்றுகிறீர்கள் அல்லவா, அதே நாளில் இந்த எண்களையும் மாற்றிவிடுங்கள். இரண்டு ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளைக் கூகுள் அழிக்கலாம் என்ற விதியும் உண்டு. அதனால் புதுப்பிக்கும் காலத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும் கணக்காக அது இருக்கக் கூடாது.

காணாமல் போன படங்கள்

இதை உடனே பாருங்கள், ஏனென்றால் நாள் ஓடுகிறது. கூகுள் டிரைவில் பலர் தவறாக நினைப்பது: "ஃபோல்டர் என்னுடையது, ஆகவே உள்ளே இருப்பதெல்லாம் என்னுடையது." அப்படி இல்லை. யார் ஏற்றினாரோ கோப்பு அவருடையது. அவருடைய 15 ஜிபியில்தான் அது இடம் பிடிக்கும். அவர் அதை அழித்தாலோ, தன் கணக்கையே மூடினாலோ, உங்கள் ஃபோல்டரிலிருந்து அது போய்விடும்.

போன மாதம் நடந்தது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். ஏற்றியவரே அழித்திருந்தால் அவருடைய குப்பைத் தொட்டியில் 30 நாள் வரை இருக்கும். அந்தக் கெடு முடியும் முன் அவரைக் கூப்பிட்டு மீட்கச் சொல்லுங்கள். திருத்தும் உரிமை உள்ள வேறொருவர் நீக்கியிருந்தால் கோப்பு அழிவதில்லை. பகிர்ந்த ஃபோல்டரை விட்டு வெளியேறி, உரிமையாளரின் சொந்த டிரைவில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். அவர் தன் கணக்கில் கோப்பின் பெயரைத் தேடினால் கிடைத்துவிடும். யார் எப்போது என்ன செய்தார் என்று பார்க்க, கணினியில் ஃபோல்டரைத் திறந்து வலப்பக்கத்து விவரப் பகுதியில் "செயல்பாடு" என்பதைச் சொடுக்குங்கள். பேரப்பிள்ளை கைப்பேசியில் விளையாடும்போது இழுத்துப் போட்டதாகத்தான் அநேகமாக இருக்கும். யாரையும் குற்றம் சொல்லும் முன் பார்த்துவிடுங்கள்.

பிறகு ஃபோல்டரை ஒழுங்கு செய்யுங்கள். ஆலயக் கணக்கிலிருந்து புதிய ஃபோல்டர் ஒன்று தொடங்கி, எல்லாப் படங்களையும் பதிவிறக்கி, அந்தக் கணக்கிலிருந்தே மீண்டும் ஏற்றுங்கள். அப்போதுதான் உரிமை ஆலயத்துக்கு வரும். பெரிய ஃபோல்டரைப் பதிவிறக்கும்போது கூகுள் அதை 2 ஜிபி அளவில் பல ஜிப் கோப்புகளாகப் பிரித்துத் தரும். எல்லாத் துண்டும் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு துண்டு பாதியில் நின்றதைக் கவனிக்காமல் பழையதை அழித்துவிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் விபத்து.

பகிர்வில் ஊராருக்குப் "பார்வையாளர்" உரிமை மட்டும் கொடுங்கள். "திருத்துபவர்" உரிமை லிங்குக்கு வேண்டாம், பெயர் குறிப்பிட்டு இரண்டு பேருக்குப் போதும். மற்றவர்கள் படம் தர விரும்பினால் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் "ஆவணம்" என்று அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். கைப்பேசியில் நன்றாகத் தெரியும், மலரில் அச்சிடும்போது மங்கிப் போகும். ஆவணமாக அனுப்பினால் அசல் அப்படியே வரும். அதோடு எடுத்த நாளும் சில சமயம் எடுத்த இடமும் படத்துக்குள் பொதிந்து வரும். திருவிழாப் படத்துக்கு அது நன்மை. ஒருவருடைய வீட்டில் எடுத்த படமானால் தளத்தில் போடும் முன் நீக்கிவிட வேண்டும்.

லிங்க் தெரியாவிட்டால் பார்க்க முடியாதா?

"லிங்க் உள்ள யாரும்" என்றால் கூகுள் சொல்வது நேராகவே அதைத்தான்: லிங்க் உள்ள யாரும். உங்கள் குழுவில் எத்தனை பேர் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் தன் குடும்பக் குழுவுக்கு அனுப்புவார், அங்கிருந்து மருமகனின் அலுவலகக் குழுவுக்குப் போகும். குழுவை விட்டு வெளியேறியவரிடமும் லிங்க் இருக்கும். யாராவது முகநூல் பதிவில் ஒட்டிவிட்டால் அதை யார் சொடுக்கினாலும் திறக்கும்.

உபயதாரர் பட்டியலை இன்றே அங்கிருந்து எடுங்கள். நம் அடையாள அட்டையின் 12 இலக்கங்கள் வெறும் எண் அல்ல. முதல் ஆறில் பிறந்த நாள், அடுத்த இரண்டில் பிறந்த மாநிலம், கடைசி இலக்கத்தில் ஆணா பெண்ணா என்பது வரை இருக்கிறது. அதோடு தொலைபேசி எண்ணும், "இந்த ஆலயத்துக்கு இவ்வளவு கொடுத்தவர்" என்ற தகவலும் சேர்ந்தால் மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? "அம்மா, போன தீமிதிக்கு 300 வெள்ளி கொடுத்தீர்களே" என்று தொடங்கும் அழைப்பை எந்தப் பாட்டியும் நம்புவார்.

2010 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளில் கையாளும் தரவைப் பற்றியது. ஆகவே ஆலயக் குழுவை அது கட்டுப்படுத்துமா என்று வாதாட இடம் உண்டு. அந்த வாதத்தில் ஒளிந்துகொள்ள வேண்டாம் என்பேன். அதே சட்டம் சமய நம்பிக்கையைக் கூடுதல் கவனம் வேண்டிய தரவாக வகுத்திருக்கிறது. உபயதாரர் பட்டியல் என்பதே சமயத்தைக் காட்டும் பட்டியல். ரசீதுக்கு அடையாள அட்டை எண் தேவையே இல்லை என்றால் இனி வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டிய இடத்தில் "கட்டுப்படுத்தப்பட்டது" என்ற அமைப்பில் தனிக் கோப்பாக, பொருளாளருக்கும் உங்களுக்கும் மட்டும் திறக்கும்படி வையுங்கள். ஊருக்குக் காட்டும் கணக்கில் பெயரும் தொகையும் போதும், அதுவும் பெயர் வெளியிட விருப்பமா என்று ரசீது எழுதும்போதே கேட்டுக்கொண்டு.

எவ்வளவு இடம் வேண்டும்?

"அன்லிமிட்டெட்" என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே சர்வரைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடும் ஹோஸ்டிங்கில் வட்டு அளவுக்கு வரம்பு எழுதாமல் விட்டாலும், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கும் வரம்பு இருக்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் "கோப்புச் சேமிப்புக் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது" என்ற வரியும் இருக்கும். 40 ஜிபி காணொளியை ஏற்றினால் கணக்கை முடக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கைப்பேசிப் படம் ஒன்று சுமார் 4 எம்பி. 2,000 படத்துக்கு 8 ஜிபி. ஒரு பக்கத்தில் 40 படம் அப்படியே போட்டால் அந்தப் பக்கம் 160 எம்பி. தீமிதி முடிந்த மறுநாள் 500 பேர் திறந்தால் 80 ஜிபி டேட்டா போக்குவரத்து. தோட்டத்தில் சிக்னல் ஒரே கோடு காட்டும் இடத்தில் இருப்பவருக்குப் பக்கம் திறக்கவே திறக்காது, மாத டேட்டாவும் போய்விடும். அதே படங்களை 1,600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒன்று ஏறக்குறைய 300 கேபி ஆகும். பக்கம் 12 எம்பி, 500 பேருக்கு 6 ஜிபி, 2,000 படமும் சேர்ந்து 600 எம்பி. திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விண்டோஸ் கணினியில் இர்ஃபான்வியூ என்ற இலவச மென்பொருள் நூற்றுக்கணக்கான படங்களை ஒரே தடவையில் சுருக்கித் தரும். வேறு ஃபோல்டரில் சேமிக்கும்படி அமைத்துவிட்டு ஓட விடுங்கள். இல்லாவிட்டால் அசல் மேலேயே எழுதிவிடக்கூடும், பிறகு அழுது பயனில்லை.

லயத்துக் காலத்து அச்சுப் படங்களை மட்டும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்து முழு அளவிலேயே வைத்திருங்கள். அவை மறுபடி கிடைக்காது.

காணொளிகளை ஹோஸ்டிங்கிலும் ஏற்றாதீர்கள், இலவச டிரைவிலும் திணிக்காதீர்கள். ஆலயக் கணக்கில் யூடியூப் சேனல் தொடங்கி அங்கே ஏற்றி, தளத்தின் பக்கத்திலேயே ஓடும்படி அதைப் பதித்துவிடுங்கள். 15 நிமிடத்துக்கு மேல் நீளமானால் முதலில் தொலைபேசி எண்ணால் சேனலைச் சரிபார்க்கச் சொல்வார்கள். "பட்டியலிடப்படாதது" என்ற அமைப்பும் டிரைவ் லிங்க் போலத்தான், லிங்க் கிடைத்தவர் பார்ப்பார். ஏற்றும் நேரத்தையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இணைய வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், கோப்பின் அளவு மெகாபைட்டில் இருக்கும். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறங்கும் வேகம், நமக்கு வேண்டியது ஏறும் வேகம். அது 10 மெகாபிட்டாக இருந்தால் 4 ஜிபி காணொளி ஏற 53 நிமிடம், 5 மெகாபிட்டானால் ஒன்றே முக்கால் மணி நேரம். பத்தையும் ஒரே நாளில் முடிக்க முயலாமல் இரவுக்கு ஒன்றாக ஏற்றுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் அமைப்பு

ஆண்டுக்கு நான்கைந்து தடவை மட்டும் மாறும் தளத்துக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருள் வேண்டாம். அது மோசமானது என்பதற்காக அல்ல. மாதந்தோறும் புதுப்பிக்க ஆள் வேண்டும், புதுப்பிக்காத செருகுநிரல் (கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் துணை மென்பொருள்) வழியாகத்தான் பெரும்பாலான ஊடுருவல்கள் நடக்கின்றன. ஆண்டுக்கு 600 ரிங்கிட் கேட்கும் தம்பி அந்தப் பராமரிப்பைச் செய்வாரா, எத்தனை நாளுக்கு ஒரு முறை காப்பு நகல் எடுப்பார், அந்த நகலை உங்களிடம் தருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். "ஆம்" என்றால் 600 நியாயமான கூலிதான். வெறும் இடத்துக்கும் பெயருக்கும் என்றால் அதிகம். சிறிய தளத்துக்கான பகிர்வு ஹோஸ்டிங் பெரும்பாலும் ஆண்டுக்கு 100 முதல் 300 ரிங்கிட்டில் முடிந்துவிடும். பாதுகாப்புச் சான்றிதழுக்கு என்று தனித் தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் வரச் செய்யும் அந்தச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 முதல் இலவசமாகவே வழங்கிவருகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி ஹோஸ்டிங்கில் அமைத்துக்கொள்ளலாம்.

நீங்களே செய்வதானால் தளம் அமைக்கும் கூகுளின் கருவியான கூகுள் சைட்ஸ் போதும். ஹோஸ்டிங் கட்டணம் இல்லை, வாங்கிய டொமைனை இணைத்துக்கொள்ளலாம், இழுத்துப் போட்டே பக்கம் அமைக்கலாம். கூகுள் டிரைவ் ஃபோல்டரையே தளமாகக் காட்டும் வசதி 2016 ஆகஸ்டோடு நின்றுபோனது. இன்னும் அப்படிச் செய்யலாம் என்று பழைய வழிகாட்டிகளில் படித்திருந்தால் விட்டுவிடுங்கள். சைட்ஸில் ஒரே ஒரு இடத்தில் எல்லாரும் தடுக்கி விழுவார்கள்: பக்கத்தில் டிரைவ் கோப்பைப் பதித்தால், பக்கம் பொதுவாக இருந்தாலும் கோப்பின் அனுமதி தனியாகவே இருக்கும். உங்களுக்கு எல்லாம் தெரியும், ஏனென்றால் நீங்கள் உரிமையாளர். மற்றவருக்கு "அணுகல் கோருக" என்று வரும். வெளியிட்டவுடன் வேறொருவர் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

பின்னாளில் சொந்த ஹோஸ்டிங்குக்குப் போனால் கோப்புப் பெயர்கள் தொல்லை தரும். உங்கள் கணினியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. லினக்ஸ் சர்வர் பார்க்கும். பெரிய எழுத்தில் முடியும் ஜேபிஜியைச் சின்ன எழுத்தில் அழைத்தால் வீட்டில் தெரிந்த படம் தளத்தில் தெரியாது, 404 (கோப்பு இல்லை) என்று வரும். இப்போதிருந்தே எல்லாப் பெயரையும் சின்ன ஆங்கில எழுத்து, எண், இடைக்கோடு என்று மட்டும் வையுங்கள். இடைவெளியும் தமிழ் எழுத்தும் கோப்புப் பெயரில் வேண்டாம். படத்துக்கான தமிழ் விளக்கத்தைப் பக்கத்தில் தாராளமாக எழுதுங்கள்.

பழைய திருவிழா மலரின் கணினிக் கோப்பு இருக்கிறது என்கிறீர்கள். யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியாக்கம்) முந்திய எழுத்துருவில் தட்டச்சு செய்ததானால், எழுத்தை அப்படியே தளத்தில் ஒட்டும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். குறியாக்கம் மாற்றும் கருவியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். மாற்றிய பின் கொம்பும் காலும் சரியாக வந்தனவா என்று ஒரு பக்கமாவது நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவ்வளவு வேலைக்கு ஆளில்லை என்றால் பிடிஎஃப் ஆக்கிப் போட்டுவிடலாம். படிக்க முடியும், தேட முடியாது.

தளத்தை மட்டுமோ டிரைவை மட்டுமோ காப்பு நகலாக நம்பக் கூடாது. அசல் படங்கள் டிரைவில் ஒரு நகல், வெளி வன்வட்டில் ஒரு நகல், இன்னொரு வன்வட்டில் வேறு வீட்டில் ஒரு நகல் என்று இருக்கட்டும். 15 ஜிபி போதாவிட்டால் மாதம் பத்து ரிங்கிட்டை ஒட்டிய கட்டணத்தில் 100 ஜிபி கிடைக்கும். 15 ஜிபிக்கு மேல் வைத்துக்கொண்டு சந்தாவை நிறுத்தினால் புதிதாக எதுவும் ஏற்ற முடியாது, அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் நின்றுபோகும் என்பதை நினைவில் வையுங்கள்.

பெயர், பொறுப்பு, பாடல்கள்

உங்களைப் பயமுறுத்தியவர் முழுக்கக் கற்பனையாகச் சொல்லவில்லை. 1950 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 2012 இல் சேர்த்த 114ஏ பிரிவின்படி, ஒரு வெளியீட்டில் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ ஒருவருடைய பெயரோ படமோ தோன்றினால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அவரே அதை வெளியிட்டதாக அனுமானிக்கப்படும். அதற்காகப் பெயரை ஒளிப்பதோ கற்பனைப் பெயரில் பதிவதோ தீர்வல்ல. தகராறு வந்தால் டொமைன் பெயரையே இழக்க நேரிடலாம். ஆலயத்தின் பெயரில் பதிந்து, தளம் தொடங்கும் தீர்மானத்தையும் யார் பதிவேற்றுவார் என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு பதிவேற்றத்தையும் தேதியோடு ஒரு பேரேட்டில் குறியுங்கள். கருத்துப் பெட்டியை மூடி வையுங்கள். ஊர்ச் சண்டை அங்கே வந்து நிற்கும். குறிப்பிட்ட புகார் என்று ஏதேனும் வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள், அது என் துறை அல்ல.

அக்காள் மகனின் பாடல் யோசனையைக் கைவிடச் சொல்லுங்கள். குறுந்தட்டைக் காசு கொடுத்து வாங்கினாலும் வாங்கியது கேட்கும் உரிமைதான். நகல் எடுத்து ஊருக்கு வழங்குவது 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாதது. "இலவசமாகத்தானே தருகிறோம்" என்பதும் "சாமி பாட்டுத்தானே" என்பதும் அனுமதிக்கு மாற்று ஆகாது. பாடல் நிறுவனங்களே யூடியூபில் ஏற்றியிருப்பவற்றுக்கு இணைப்புக் கொடுக்கலாம். உங்கள் ஆலயத்து உருமி மேளக் குழுவே பாடிய பாடல்கள் இருந்தால், பாடியவர்களின் சம்மதத்தோடு அவற்றை ஏற்றுங்கள். வேறெங்கும் கிடைக்காதது அதுதான். தீமிதிக் காணொளியில் ஒலிபெருக்கிப் பாடல் பின்னணியில் ஓடினால் யூடியூப் தானாகக் கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை என்று அறிவிக்கும். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் காணொளியே தடுக்கப்படும். அப்படி வந்தால் அந்தப் பகுதியின் ஒலியை மட்டும் யூடியூப் திருத்தியிலேயே அடக்கிவிடலாம். காணொளியை அழிக்க வேண்டியதில்லை.

நன்கொடைக்கு டூயிட்நவ் கியூஆர் (கைப்பேசியால் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும் குறியீடு) படம் போட வேண்டும் என்றும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் தளத்தில் நுழைந்த ஒருவன் வேறெதையும் தொடாமல் அந்த ஒரு படத்தை மட்டும் மாற்றிவிட்டால் பல வாரம் யாருக்கும் தெரியாது. படத்துக்குக் கீழேயே, "பணம் அனுப்பும் முன் திரையில் ஆலயத்தின் பதிவுப் பெயர் வருகிறதா என்று பாருங்கள்" என்று அந்தப் பெயரோடு எழுதுங்கள். பொருளாளர் வாரம் ஒரு முறை தன் கைப்பேசியால் ஸ்கேன் செய்து பெயரைச் சரிபார்க்கட்டும். பணம் வேறிடம் போய்விட்டதாக யாராவது சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்கச் சொல்லுங்கள். பிறகு வங்கி, காவல் நிலையம். தளத்தின் கடவுச்சொல்லையும் கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றி, மாற்றப்பட்ட படத்தை அழிக்கும் முன் தேதியோடு திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.